பி என்றால் பெயின்ட்

போன வாரம் என் காரின் பின்கதவில் ஒரு கீறல் விழுந்தது. யாரும் வந்து மோதவில்லை. வீட்டு கேட்டில் நானே கொண்டுபோய் உரசியதுதான். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பெயின்ட் ஷெட்டில் நிறுத்தினேன். உள்ளே தின்னர் வாசம். அது மூக்கில் ஏறினால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஷெட்காரர் கீறலை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "டச்சப் மட்டும் பண்ணவா சார், இல்ல ஃபுல்லா அடிச்சிரலாமா? சும்மா பளபளன்னு ஆயிரும்" என்றார்.

அவ்வளவுதான். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எதிர்க் கடையில் நின்றபடியே ஒரு டீ. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து, அதே கடையில் இன்னொரு டீ. கீறல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. "இதுக்குப் போயா ரெண்டு மணி நேரம்?" என்றாள் வீட்டில் மனைவி. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஒரே ஒரு எழுத்தை நான் தப்பாகப் படித்த கதை. பதினெட்டு வருஷம் இருக்கும்.

அப்போது எனக்கு முப்பது வயது. திண்டுக்கல்லில் ஒரு சர்வேயரிடம் வேலை. சர்வேயர் என்றதும் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நிலம் அளக்கிற வேலை என்றே நினைத்துக்கொண்டார்கள். பெரியப்பா ஒருமுறை வரப்புத் தகராறுக்கு, "வாரப்ப சங்கிலியும் கொண்டாந்துருப்பா" என்று ஆள் சொல்லி அனுப்பினார். நான் பார்த்தது இன்ஷூரன்ஸ் சர்வே. மோதி நசுங்கி வருகிற வண்டியைச் சுற்றி வந்து, எதைத் தட்டி எடுக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவதும் முழுசாக எழுதுவதில்லை. ஒடுக்கு விழுந்திருந்தால் டி. மாற்ற வேண்டியது என்றால் ஆர். புதுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டியது என்றால் பி. லாரிக்கு அடியில் போய்ச் செருகிய ஒரு வேனையே நான் ஒன்றரை வரியில் எழுதி முடித்திருக்கிறேன். அந்தத் திமிர் கொஞ்ச நஞ்சமில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்க்க, நான் வாசல் கதவைப் பார்த்து மனசுக்குள் 'பி' போட்டவன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்கும் கதவுக்கும் தொடர்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருஷங்களில் பழைய கார் வைத்திருக்கிற ஆட்கள் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கூட்டமாகக் கிளம்பிக் கொடைக்கானல் போவார்கள். போகிற வழியில் ஒருநாள் திண்டுக்கல்லில் ஒரு பழைய மில் மைதானத்தில் வண்டிகளை நிறுத்திப் போட்டி வைப்பார்கள். மத்தியானப் பிரியாணிக்காகத்தான் இங்கே நின்றார்கள் என்பது என் அபிப்பிராயம். பக்கத்து ஊர்க்காரர்களும் வண்டி கொண்டுவந்து சேர்ந்துகொள்ளலாம். நடுவர் சொல்லச் சொல்லத் தாளில் எழுத, கார் பாகங்களின் பெயர் தெரிந்த ஆள் ஒருத்தர் வேண்டுமென்று கேட்டார்கள். எங்கள் சர்வேயர் என்னை அனுப்பினார்.

நடுவர் மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். நல்ல உயரம், தொப்பி, கையில் ஒரு டார்ச். வண்டிக்கு அடியில் பார்க்க, நீளக் கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடி. மனுஷர் வாக்கியமாகப் பேசவே மாட்டார். பம்பரைத் தொடுவார், ஒரு எழுத்தைச் சொல்வார், நகர்ந்துவிடுவார். முதல் வண்டி முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "லெட்டரெல்லாம் புரியுதுல்ல?" என்றார்.

"புரியுது சார்" என்றேன்.

அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரெஜினா டீச்சரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். சித்தையன்கோட்டையிலிருந்து தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கணக்கு டீச்சர், அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். சுங்குடிச் சேலை, காலில் செருப்பு இல்லை. செருப்புப் போட்டால் கிளச் எங்கே இருக்கிறதென்று தெரியாதாம். வண்டி அந்தக் காலத்து நீல ஹெரால்டு கார். இரண்டே கதவு, முன்பக்கம் முழுக்க ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். அவர் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் புதுசாக எடுத்தது. அவர் இறந்த பிறகு வண்டி சும்மா நிற்கக் கூடாதென்று டீச்சர் ஐம்பத்துச் சொச்சம் வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுல கத்துக்கிட்டீங்கன்னா ஏரோப்ளேனே ஓட்டலாம் டீச்சர்" என்றாராம். இதையெல்லாம் நடுவர் வருவதற்குள் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். அவ்வளவு படபடப்பு அவருக்கு. நின்ற இடத்தில் நிற்காமல் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வண்டியின் பெயின்ட் கூரையில் வெயில் குடித்து மெலிந்திருந்தது. டிரைவர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு நீலமே இல்லை. அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது. "அவுக முழங்கைய வெச்சு வெச்சுத் தேஞ்சது. இப்ப நானும் அங்கனதான் வெக்கிறேன்" என்றார்.

நடுவர் அந்த விளிம்பில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றினார். "பி" என்றார். வண்டியை இன்னொரு முறை சுற்றினார். "கூரை பி. கதவு பி. சீட்டு பி. அண்டர்லைன் பண்ணுங்க." நான் கோடு போட்டேன். "இன்னும் ரெண்டு கோடு." போட்டேன். வைப்பரும் ஹாரனும் வேலை செய்யவில்லை, அதற்கு "என்.டபிள்யூ" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

சீட்டுக்கு எப்படிப் பெயின்ட் அடிப்பார்கள் என்று எனக்கு ஒரு கணம் இடித்தது. பொய் சொல்லவில்லை, இடித்தது. சீட்டும் மோசம் என்கிறார் போல, என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்னால் ஓடிப்போய் அவரிடம் கேட்டிருக்கலாம், பத்தடி தூரம்தான். 'புரியுது சார்' என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

சாயங்காலம் பரிசு அறிவித்தார்கள். டீச்சருக்கு எதுவுமில்லை. நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நீங்கதான எழுதுனீங்க? எனக்கு என்ன போட்டாரு?"

தாளை விரித்துக் காட்டினேன். "என்.டபிள்யூன்னா நாட் வொர்க்கிங். வைப்பர், ஹாரன்."

"அது எனக்கே தெரியும். இந்த பி?"

"பெயின்ட் டீச்சர். பெயின்ட் போச்சு, திரும்ப அடிக்கணும்னு அர்த்தம். மூணு கோடு போடச் சொன்னாரு பாருங்க."

அவர் அந்த மூன்று கோடுகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். "அம்புட்டு மோசமாவா இருக்கு?" என்றார். நான், ஏதோ டாக்டர் மாதிரி, தலையை மட்டும் அசைத்தேன். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பேகம்பூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த நல்ல பெயின்டர் ஒருத்தர் இருக்கிறார், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வலிய வேறு சொன்னேன்.

பெயின்டர் சிக்கந்தர் பாய் வண்டியைச் சுற்றி வந்து, கூரையில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "டீச்சரம்மா, இது கம்பெனி பெயின்ட்டு. நான் அடிக்கிறது இன்னும் பளிச்சினு இருக்கும், ஆனா இது மாதிரி இருக்காது. செத்த யோசிச்சுக்கங்க" என்றார். தனக்கு வருகிற வேலையை வேண்டாமென்று சொன்ன மனுஷர். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான், "ஜட்ஜே பி போட்டிருக்காரு பாய்" என்றேன். பாய் கூரையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சுரண்டுகிற அன்றைக்கு டீச்சரும் வந்திருந்தார். உப்புத்தாள் சத்தம் கேட்டதும், "நீங்க பாத்துக்கங்க தம்பி, நான் மாதா கோயில் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிவிட்டார். நான் நின்று பார்த்தேன். தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க, பழைய பெயின்ட் நீலச் சேறாகக் கரைந்து சிமென்ட் தரையில் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. வேலை சுத்தமாக நடக்கிறது என்று எனக்கு ஒரே திருப்தி.

இரண்டு மாசம் கழித்து வண்டி வெளியே வந்தபோது தெருவே பார்த்தது. புது நீலம், பம்பருக்குப் புது முலாம், புது சீட்டு. வைப்பர் ஆடியது, ஹாரன் அடித்தது. டீச்சர் அந்த ஹாரனைத் தேவையில்லாமல் நாலு தடவை அடித்தார்.

மறு வருஷமும் அதே மைதானம், அதே நடுவர், அதே நான். ஹெரால்டுக்கு முன்னால் அவர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "பாடி ஓ.ஆர். சீட்டு ஓ.ஆர்." போய்விட்டார். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். ஓ.ஆர். என்றால் ஒரிஜினல்தானே? பிரியாணித் தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்த நீல ஹெரால்டுக்கு ஒரிஜினல்னு போட்டீங்களே சார், ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ஒரிஜினலா? அது ஓவர் ரெஸ்டர்டு. அளவுக்கு மீறிப் புதுசாக்கிட்டாங்கன்னு அர்த்தம். மார்க்கு கொறையும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷமும் ஒரு நீல ஹெரால்டு வந்துச்சே. அது எங்க?" என்றார்.

"இதுதான் சார் அது."

அவர் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். வெயிலில் வண்டி மினுங்கியது. "அந்தப் பெயின்ட்ட சொரண்டச் சொன்ன மடையன் எவன்?" என்றார், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி. நான் தட்டைப் பார்த்தபடி, "அப்ப 'பி'ன்னா என்ன சார்?" என்றேன்.

"பிரிசர்வ்டு. கம்பெனில இருந்து வந்தத, தேஞ்சாலும் மாத்தாம அப்படியே வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். நூத்துல ஒரு வண்டிக்குத்தான் போடுவேன். வைப்பரும் ஹாரனும் வேல செஞ்சிருந்தா அன்னைக்கே கப்பு அவங்களுக்குத்தான்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவப் போன இடத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். "என்ன போட்டாரு தம்பி?"

"ஓ.ஆர்., டீச்சர்."

"ஒரிஜினலா?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி இருந்தது. நான் 'ம்' என்றேன். அவருக்கு அன்றைக்கும் பரிசு இல்லை, ஆனால் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. அலுவலகத்தில் ஒரு ஆட்டோவுக்கு நாலு கதவு நசுங்கியதாக எழுதிக் கொடுத்ததில், சர்வேயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாளில் 'பி' எழுத வந்தால் பேனா நிற்கும். டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறுவேன். பாதி வழியில் செம்பட்டியில் இறங்கி, எதிர்ப் பக்கம் நின்ற திண்டுக்கல் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவேன். இரண்டு தடவை இப்படி ஆயிற்று. இரண்டாவது தடவை அதே கண்டக்டர். "என்ன சார், எதையாச்சும் மறந்துட்டீகளா?" என்றார்.

மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்துவிட்டேன். டீச்சர் வீட்டுக்குள் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பி என்றால் என்ன, ஓ.ஆர். என்றால் என்ன, மடையன் யார். அவர் கை பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது. முடித்ததும் கேட்டார்:

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஷோ அன்னைக்கே தெரியும் டீச்சர்."

"எத்தன நாளாச்சு?"

"இருபத்தோரு நாள்."

கை நின்றது. "பெயின்ட் போனது போச்சு தம்பி. அது தெரியாமப் பண்ணுனது. இந்த இருபத்தோரு நாளு நான் பாக்குறவுக கிட்டயெல்லாம் ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். மாதா கோயில் சாமியார்கிட்ட சொன்னேன். ஸ்கூல்ல போயிச் சொன்னேன். எம் மககிட்ட போன்ல சொன்னேன். இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் எழுந்து கார் நிற்கிற கொட்டகைக்குப் போனார். கூப்பிடவில்லை, ஆனால் நானும் பின்னால் போனேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முழங்கையை விளிம்பில் வைத்தார். எடுத்துவிட்டு இரண்டு விரல்கடை தள்ளி வைத்தார். மறுபடி முன்னால் நகர்த்தினார். "எந்த எடம்னே தெரியல" என்றார். அழவில்லை. நான்தான் கொட்டகை மூலையில் இருந்த எண்ணெய் டின்னை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். வேகமாகக் குடித்ததில் நாக்கு வெந்துபோயிற்று. போகும்போது, "போயிட்டு வாங்க" என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஒரிஜினல் என்று யார் யாரிடம் சொன்னாரோ அத்தனை பேரிடமும் போய், அது ஒரிஜினல் இல்லை என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். யார் தப்பாகச் சொன்னது என்று கேட்டவர்களிடம் என் பெயரைச் சொல்லவில்லை. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாவது வருஷமும் வந்தார். போட்டிக்கு இல்லை, சும்மா நிறுத்தத்தான் என்றார். கையில் நாற்பது பக்க நோட்டு, பென்சில். நடுவர் முதல் வண்டிக்குப் போவதற்குள் வழியை மறித்து, "ஐயா, உங்க லெட்டரையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

"எதுக்குங்க டீச்சர்?"

"எக்ஸுன்னா என்னன்னு சொல்லாம எக்ஸைக் கண்டுபிடின்னு கணக்குக் குடுத்தா எந்தப் புள்ள போடும்?"

நடுவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்; மடையன் என்ற சொல்லை அதன் பிறகு அவர் என் முன்னால் சொன்னதேயில்லை. அந்த இடத்திலேயே, ஒரு காரின் பானட்டில் நோட்டை வைத்து, பதினேழு எழுத்துகளுக்கு அவர் அர்த்தம் சொல்ல, டீச்சர் எழுதினார். இரண்டுக்கு அவருக்கே அர்த்தம் சரியாக ஞாபகமில்லை. நோட்டில் இருந்ததை நான்தான் டைப் அடித்தேன். அந்த வருஷத்திலிருந்து மதிப்பெண் தாளின் பின்பக்கம் அந்தப் பட்டியல் இருந்தது. பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் டீச்சர் என்னிடம் திரும்பப் பேசினார். "ஸ்பெல்லிங் ரெண்டு தப்பு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது அந்தக் கூட்டம் திண்டுக்கல்லுக்குள் வருவதில்லை. நாலுவழிச் சாலை வந்த பிறகு ஊருக்கு வெளியிலேயே போய்விடுகிறார்கள். மில் மைதானத்தில் வீடுகள். நடுவர் காலமாகிவிட்டார். பாய் ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. ஒருமுறை கோயம்புத்தூரில் இப்படி ஒரு போட்டியை எட்டிப் பார்த்தேன். நடுவர்கள் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு விரலால் தட்டுகிறார்கள். எல்லாம் முழுமுழு வார்த்தையாக வருகிறது. யாரும் யாரிடமும் எதற்கும் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. நான் பத்து நிமிஷம்கூட அங்கே நிற்கவில்லை.

டீச்சர் ஹெரால்டைப் பாலசமுத்திரத்தில் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டு, கனடாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். வாங்க வந்தவர், "ஏனுங்க, ஒரிஜினல் பெயின்டுங்களா?" என்று கேட்டதற்கு, "இல்லப்பா, அடிச்சது" என்று முதல் வார்த்தையாகச் சொன்னாராம். அதை எனக்குப் போன் செய்து சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச வருஷத்தில் அந்த வண்டி கைமாறிக் கைமாறி எங்கே போனதென்று விசாரித்தும் தெரியவில்லை.

போன வருஷம் டீச்சர் கனடாவிலேயே இறந்துபோனார். இரண்டு மாசம் கழித்து அவர் மகள் போன் செய்தாள். அவளுடைய மகள், அம்மாச்சியின் காரைப் படம் வரைகிறாளாம். "பழைய பெயின்ட்ல இருந்தப்ப எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்கா அங்கிள்?" என்றாள். இல்லை. அந்தக் காலத்தில் தினமும் ஓடுகிற வண்டியை யார் படம் எடுத்தார்கள்?

"பரவால்ல அங்கிள். எனக்கும் சரியா ஞாபகம் வரல. அது எப்படிப்பட்ட நீலம்? அதையாச்சும் சொல்லுங்க, கலர் எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

சொல்ல வாயைத் திறந்தேன். மழை விட்ட பிறகு சிறுமலைப் பக்கம் தெரிகிற நீலம் என்று ஆரம்பித்தேன். இல்லை, அதைவிட வெளிறினது, பழைய ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி என்றேன். அந்தப் பக்கம் அவள், "ம், ம்" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கண்ணுக்கு முன்னால் வந்ததெல்லாம் பாய் அடித்த நீலம். அதற்கு அடியில் இருந்ததை எவ்வளவு யோசித்தும் பார்க்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன்.

"அங்கிள்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றேன். "இவ்வளவு நேரம் சொன்னத வரைய வேணாம்னு சொல்லு. அது என்ன நீலம்னு எனக்குத் தெரியல."